இடுப்பு எலும்பு தப்பியது

கப்பலூர் அருகே பைக்கிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பற்கள் மூன்று போயின. பல் போனதுகூடப் பெரிதில்லை; அதைத் தாங்கிய எலும்பும் நொறுங்கி, ஓராண்டில் கரைந்து, மேலுதடு உள்வாங்கிவிட்டது. பல் கட்டிக்கொள்ளலாம் என்று மதுரைக்குப் போனேன். ஸ்கேனைப் பார்த்த தாடை அறுவை மருத்துவர், "பல்லைத் தாங்கும் திருகாணியை இறக்க எலும்பே இல்லையே, சார்" என்றார்.

இடுப்பிலிருந்து எலும்பு வெட்டி வைப்பது பழைய வழி. மற்றது, எலும்பு வளர்ச்சிப் புரதம். எலும்புக்குள்ளேயே எலும்பை முளைக்கவைக்கும் பொருள் இருப்பதை 1965இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினாராம். அதில் ஒரு வகையை இப்போது ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கிறார்கள். தாடையில் வைக்க அமெரிக்காவில் 2007இல் அனுமதி கிடைத்தது. "இடுப்பு எலும்பு என்றால் நாற்றைப் பிடுங்கி நடுவது. இது உங்கள் செல்களையே கூப்பிட்டு வேலை வாங்குவது" என்றார். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் புற்றுநோய்க் கட்டி உள்ளவர்களுக்கும் வைப்பதில்லையாம்.

விலையைக் கேட்டதும் இடுப்பையே கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். "நடமாடுகிற இடுப்பில் கை வைக்கவே கூடாதய்யா" என்று அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டாள்.

சித்திரையில் அறுவை. மரத்துப்போக ஊசி மட்டும். பேச்செல்லாம் காதில் விழுந்தது. மாட்டுத் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் பஞ்சில் அந்தப் புரதக் கரைசலை ஊற்றிவிட்டு, 15 நிமிடம் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பிழிந்துவிடாதேம்மா, அத்தனையும் போய்விடும்" என்று மருத்துவர் நர்ஸிடம் இரண்டு முறை சொன்னார். பஞ்சை ஈறு அமுக்கிவிடாமல் இருக்க, மேலே பந்தல் போட்டதுபோல டைட்டானியம் வலை.

"கொஞ்சம் வீங்கும்" என்றிருந்தார்கள். அந்தக் 'கொஞ்சம்' மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மூன்றாம் நாள் வலது கண் மூடிக்கொண்டது. இந்தப் புரதம் வைத்தால் வீக்கம் கூடுதலாகத்தான் இருக்கும் என்பதை அப்புறம்தான் விளக்கினார்கள். அழகர் ஆற்றில் இறங்கியதை டிவியில் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அக்காள் மகன் ஜிகர்தண்டா வாங்கிவந்தான். உறிஞ்சினால் தையல் பிரியும், ஸ்ட்ரா கூடாது. கரண்டியால் ஊட்டியதில் பாதி சட்டைக்குத்தான் போனது.

ஐப்பசியில் மறுபடி ஸ்கேன். கறுப்பாக இருந்த பள்ளத்தில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. வலையை எடுத்துவிட்டுத் துளையிட்ட மருத்துவர், துளையூசியின் நுனியை என் கண்முன் நீட்டினார். தேங்காய்த் துருவல்போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. "உங்கள் எலும்புதான் சார்."

பல் மாட்ட இன்னும் நான்கு மாதம். அம்மாவின் சங்கிலியை மீட்க அதற்கு மேலும் ஆகும்.