பத்துத் தலை ராவணனும் வெள்ளிக் கிண்ணமும்

பர்மாவின் மாண்டலேயிலிருந்து ஐராவதி ஆற்றைக் கடந்து சகாயிங் வந்து, அங்கிருந்து சற்றுத் தொலைவு சென்றால் வெள்ளி வேலைக்காரர்களின் சிற்றூரான யுவாத்தாங் வரும். நான் நுழைந்த பட்டறையில் முதியவர் ஒருவர் அரக்கு நிரப்பிய கிண்ணத்தைச் சாய்த்து வைத்து, உட்புறமிருந்து முன்பே புடைக்கச் செய்திருந்த உருவங்களுக்குச் சிற்றுளியால் கண்ணும் நகையும் செதுக்கிக்கொண்டிருந்தார். நம்மூர்ப் பத்தர் பட்டறையின் அதே அரக்கு வாசனை.

முடிந்த கிண்ணம் ஒன்றைக் காட்டி, "தாத்தகிரி" என்றார். ஒரே முகமும், மகுடத்தின் மேல் வரிசையாகச் சிறு தலைகளும் கொண்ட அந்த அரக்கன் ராவணன் என்பது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. இராமன் அங்கே யாமா, சீதை தீடா. எல்லோருக்கும் பர்மிய அரசவை உடை. 1767இல் சயாமின் (இன்றைய தாய்லாந்து) தலைநகர் அயுத்தியாவை வென்ற பர்மியப் படை கைதிகளாகக் கொண்டுவந்த சயாமியக் கலைஞர்கள் வழியே ராம நாடகம் அவையில் செழித்தது. ஆக, இந்தியக் கதை சயாம் வழியாகச் சுற்றி வந்து வெள்ளியில் ஏறியிருக்கிறது.

இந்த வரவு புதிதன்று. பர்மாவில் பியூ மக்களின் பழைய நகரான ஸ்ரீக்ஷேத்ராவின் கின்பா மேட்டில் 1926-27 அகழாய்வில் கிடைத்த வெள்ளிப் பேழையில் நான்கு புத்தர்கள் புடைப்புருவமாக அமர்ந்திருக்கிறார்கள். பாலியும் பியூ மொழியும் கலந்த அதன் வாசகம் தென்னிந்திய மரபைச் சார்ந்த எழுத்தில் உள்ளது.

ஆங்கிலேயர் காலத்தில்தான் கணக்குத் தலைகீழானது என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை பிக்குவின் பிச்சைப் பாத்திர வடிவம் பர்மியருக்கு உரியதாகிவிட்டிருந்தது (அதுவும் பௌத்தத்தோடு வந்ததுதான் என்றாலும்). அதன்மேல் வெளியிலிருந்து வந்த கதை ஓடியது. 1885இல் மாண்டலே வீழ்ந்து அரசவை ஆதரவு அற்றுப்போன பின், அதிகாரிகளும் வணிகர்களும் தேநீர்க் குடுவை, முகவரி அட்டைப் பேழை, பரிசுக் கோப்பை எனத் தங்கள் வீட்டுப் பொருள்களைக் கேட்டார்கள். வடிவம் ஐரோப்பியருடையதாயிற்று, அதைச் சுற்றி பர்மியருக்குப் பழகிப்போன ஜாதகக் கதைகளும் (புத்தரின் முற்பிறவிக் கதைகள்) கொடிச்சுருள்களும் ஏறின. உருக்கிய வெள்ளியிலும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய் நாணயங்கள் கலந்திருந்தன. அக்காலத் தேநீர்க் குடுவைகளைப் படங்களில் பார்க்கும்போது, உருவங்கள் நெருக்கியடிக்கும் அந்த அடர்த்தி எனக்குச் சற்றுத் திகட்டவே செய்கிறது. கிண்ணத்தின் வளைவில் கதைக்குக் கிடைக்கும் ஓட்டம் மூக்கும் கைப்பிடியும் குறுக்கிடும் குடுவையில் இல்லை.

ராவணன் இருந்த கிண்ணம் என் பணப்பைக்கு எட்டவில்லை. தாமரை இதழ் விளிம்பு மட்டும் கொண்ட சிறு கிண்ணம் ஒன்றை எடைபோடச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.