வெள்ளத்தில் ட்ரோன் பறக்க, கோடையிலேயே வாங்க வேண்டிய அனுமதிகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னைப் புறநகரில் உள்ள முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்ததைப் பார்த்த பிறகு, மாவட்ட நிர்வாகம் அழைத்தால் ட்ரோனுடன் உடனே போய் நிற்க வேண்டும் என்று, நில அளவைப் பணி செய்துவரும் எங்கள் சிறு நிறுவனம் முடிவெடுத்தது. அதற்கான ஏற்பாடுகளில் பெரும்பகுதி மேகமே இல்லாத மாதங்களில்தான் நடந்தது.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, 2 முதல் 25 கிலோ வரையிலான எங்கள் வகை ட்ரோனுக்கு வகைச் சான்று (அந்த மாடல் தர விதிகளுக்கு உட்பட்டது என்ற சான்று), பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவை வேண்டும். இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால் பயிற்சியில் சேரலாம். சான்றிதழுக்கு அரசு வாங்கும் கட்டணம் சிறியது, செலவெல்லாம் பயிற்சிக்குத்தான். ஆனால் அது வீண் செலவல்ல. ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் பறக்கச் சொல்வார்கள். விரலைச் சற்றுத் தளர்த்தினாலும் காற்று ட்ரோனைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். புயலுக்கு மறுநாள் பறக்கப் போகிறவருக்கு இதைவிட அவசியமான பாடம் இல்லை.

எங்களுக்குச் சிக்கலாக இருந்தது வான்வெளிதான். விமான நிலைய எல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம் என்பதால், அங்கே பறக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி தேவை. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே அனுமதியின்றிப் பறக்கலாம். மீனம்பாக்கம் விமான நிலையம் ஒரு பக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் மறுபக்கம் என இருக்கும் பகுதியில், எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தைத் திறந்து ஒவ்வொரு நகராகப் பார்த்துத்தான் திட்டமிட முடிந்தது. உணவுப் பொட்டலம் போட ஹெலிகாப்டர் தாழப் பறக்கும் இடத்தில் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே என்பது என் உறுதியான கருத்து. ஆகவே பதிவு எண், காப்பீட்டு நகல், பைலட் விவரம் அனைத்தையும் கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் பருவமழைக்கு முன்பே கொடுத்து வைத்தோம். தண்ணீர் ஏறிய பிறகு இவற்றைச் சரிபார்க்க அங்கே எவருக்கும் நேரமிருக்காது.

இனி பணக் கணக்கு. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டதால், உள்நாட்டுத் தயாரிப்பைத்தான் வாங்கினோம். கேமராவுடன் கூடிய ட்ரோனுக்கு அப்போது 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. புதிதாக வருவோருக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் இருட்டில் மொட்டை மாடியில் நிற்பவரைக் காட்டும் வெப்பப்படக் கேமராவும் மாற்று பேட்டரிகளும் சேரும்போது செலவு கூடிவிடுகிறது. காப்பீட்டையும் காலாவதியாகாமல் புதுப்பித்துவர வேண்டும். வெள்ளப் பணியோ ஆண்டில் சில நாள்தான். மீதி நாளில் மனை அளவை, குவாரி அளவை செய்துதான் இந்த ட்ரோனைத் தாங்குகிறோம். பருவமழை மாதங்களில் தயார் நிலையில் இருப்பதற்கென்று அரசு ஒரு சிறு தொகையை ஒப்பந்தமாகத் தந்தால், எங்களைப் போன்ற இன்னும் பல நிறுவனங்கள் கலெக்டர் அலுவலகத்தில் பெயர் கொடுக்க முன்வரும்.