டைல்ஸ் பட்டறையில் ஈஈஜி எடுத்த அனுபவம்

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில், வேலை நடக்கும்போதே டைல்ஸ் செய்யும் ஒருவரின் மூளை, தசை, இதயம் மூன்றின் மின் சிக்னலையும் பதிவு செய்தோம். மூளையின் சிக்னலைத் தலையில் மாட்டும் சென்சார் தொப்பி வழியாக எடுப்பதுதான் ஈஈஜி. இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நெறிமுறைக் குழு அனுமதி எல்லாம் வழக்கம்போலத்தான். ஒப்புதல் படிவத்தை மட்டும் தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

முதல் சிக்கல் தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெய் இருந்தால் சென்சாருக்கும் தலைத்தோலுக்கும் நடுவில் வைக்கும் ஜெல் பிடிக்காது, இம்பிடன்ஸ் (அந்த இடத்து மின்தடை) இறங்காது. "அண்ணே, ராத்திரியே சீயக்காய் போட்டுக் குளிச்சிருங்க, காலையில எண்ணெய் வைக்காதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். வெற்றிலையும் கூடாது. மூளையிலிருந்து தலைத்தோலுக்கு வந்து சேர்வது சில பத்து மைக்ரோவோல்ட்தான், மெல்லும்போது தாடைத் தசையிலிருந்து வருவது அதை அப்படியே விழுங்கிவிடும். வியர்த்தால் சிக்னல் மெதுவாக மேலும் கீழும் மிதக்கும், அதனால் வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிடுங்கள்.

கழுத்துத் தசையிலும் ஈஎம்ஜி (தசையின் மின் சிக்னலை எடுக்கும் சென்சார்) ஒட்டினோம். இது ரொம்ப முக்கியம் என்பேன். எது மூளை, எது கழுத்து என்று பிறகு பிரிக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலவையை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குகிறார் பாருங்கள், அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். கை அசையும்போது, மூளையில் அசைவைக் கவனிக்கும் இயக்கப் பகுதியின் மேல் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையுள்ள மியூ என்ற மூளை அலை அடங்கும். ஆய்வகத்தில் உட்கார்ந்து பட்டன் அழுத்தினாலும் அடங்கும்தான், ஆனால் அங்கே இடுப்பும் தோளும் மூச்சும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க முடியாது.

ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடிகாரம், நேரம் ஆகஆக விலகிப்போகும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கையால் மேசையை மூன்று முறை தட்டச் சொன்னோம். அந்தத் தட்டு வீடியோவிலும் மணிக்கட்டு சென்சாரிலும் முன்கை ஈஎம்ஜியிலும் தெளிவாக விழும், அதை வைத்து எல்லாப் பதிவுகளையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தலாம். நடுவில் சும்மா நிற்கும் சில நிமிடங்களையும் பதிவு செய்யுங்கள், ஒப்பிட வேண்டியிருக்கும்.

தொப்பி மாட்டிய நாளில் டைல்ஸ் எண்ணிக்கை குறையும். அவருக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அதனால் முழுநாள் கூலியைப் பட்ஜெட்டில் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.