பிரிட்டனில் எந்தக் குழந்தை ஏழை?

நாட்டு மக்கள் எல்லோரையும் அவரவர் வீட்டு வருமான வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவரின் வீட்டு வருமானத்தில் 60 சதவீதம் எடுங்கள். அதுதான் வறுமைக் கோடு. ஆனால் வீட்டு வருமானத்தை அப்படியே ஒப்பிடுவதில்லை; வீட்டில் உள்ள ஆட்களுக்கு ஏற்ற ஓர் எண்ணால் வகுக்கிறார்கள். தம்பதிக்கு 1, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தலா 0.2. இரண்டு பொடிசுகள் உள்ள வீட்டில் வாரம் 700 பவுண்டு வந்தால், 1.4-ஆல் வகுத்து 500 என்றே கணக்கில் ஏறும். வாடகை போன்ற வீட்டுச் செலவைக் கழிப்பதற்கு முன், பின் என இரண்டு கணக்கு வேறு. லண்டனைப் பொறுத்தவரை பிந்தையதைத்தான் நம்பலாம்.

சிக்கல், கோடே நகர்வது. 2010-11-இல் நடு வருமானம் சரிந்ததால் வறுமை 'குறைந்தது'; யார் வீட்டிலும் ஒரு ரொட்டி கூடவில்லை. அதனால்தான் பிள்ளைக்குக் குளிர்கால கோட்டு இருக்கிறதா, பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்ப முடிகிறதா என்றும் தனியாகக் கேட்கிறார்கள்.

ஸ்காட்லாந்து 2021-இல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு வாரம் 10 பவுண்டு கொடுக்கத் தொடங்கி, 2022 நவம்பரில் 25 ஆக்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் சம்பளம் கூடி, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் பூஜ்ஜியமானால், இந்தத் தொகை படிப்படியாகக் குறையாது, மொத்தமாக நின்றுவிடும். மூன்று பிள்ளைகள் என்றால், அந்த 25 கணக்கில் வாரம் 75 பவுண்டு ஒரேயடியாகப் போச்சு. கூடுதல் ஷிஃப்டுக்கு யார் போவார்கள்?