அடைத்த குழாயும் ஒரு சிவப்புப் புள்ளியும்

குறிபார்க்கத் துப்பாக்கியில் பூட்டும் ஒரு சாமானைப் பற்றித்தான் இந்தப் பதிவு. திருகோணமலையில் இருந்துகொண்டு இதையெல்லாம் எழுதுகிறாயோ என்று கேட்பீர்கள், அம்மாவும் அதையேதான் கேட்டா. ஆனால் நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன், எனக்கு அது துப்பாக்கிச் சாமானாகத் தெரியவில்லை, ஒரு கண்ணை மறைத்துக் கண்கள் ஒதுங்குகிறதா என்று பார்க்க நான் தினமும் செய்கிற கவர் டெஸ்ட்டைக் குழாய்க்குள் போட்டு அடைத்த மாதிரித்தான் தெரிந்தது.

கதை வியட்நாமில். 1970 நவம்பர் 21 அதிகாலை, ஹனோய் நகரத்துக்கு மேற்கே 37 கிலோமீட்டர் போல தூரத்தில் இருந்த சொன் டே சிறைமுகாமுக்குள் 56 அமெரிக்கச் சிறப்புப் படையினர் ஹெலியில் போய் இறங்கினார்கள். தரையில் தலைமை ஆர்தர் 'புல்' சைமன்ஸ். ஒரு ஹெலியை வேண்டுமென்றே முகாம் முற்றத்துக்குள் மோதி இறக்கினார்கள், சைமன்ஸ் வந்த ஹெலி தவறுதலாகப் பக்கத்தில் இருந்த வேறொரு வளவில் இறங்கியது, அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்தது. மீட்கப் போன கைதிகளில் ஒருவர்கூட அங்கே இல்லை, ஜூலையிலேயே வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த ஏமாற்றத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின பகுதி. புளோரிடாவில் இரவு இரவாகப் பயிற்சி எடுத்தபோது, கிட்டத்தில் இருக்கிற இலக்கையே பிழைக்க விட்டிருக்கிறார்கள். நல்ல சுடுகாரர்கள்தான், ஆனால் இருட்டில் துப்பாக்கி நுனியில் இருக்கிற இரும்புக் குறியே கண்ணுக்குத் தெரியாவிட்டால் எவன்தான் என்ன செய்வான்? அப்போதுதான் கடையில் யாரும் வாங்கக்கூடியதாக இருந்த 'சிங்கிள்பாயின்ட்' என்ற பிரிட்டிஷ் குறிகாட்டியை வாங்கித் துப்பாக்கிகளில் பூட்டினார்கள். பயிற்சியில் சூடு நன்றாகப் பிடிக்கத் தொடங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறிகாட்டிக்குள்ளால் எதையும் பார்க்க முடியாது. முன்பக்கம் அடைத்த குழாய் அது. வலக்கண்ணை வைத்தால் கறுப்பும் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியும், அவ்வளவுதான். இடக்கண்ணையும் திறந்தே வைத்திருக்க வேண்டும், அது ஆளைப் பார்க்கும். இரண்டையும் ஒன்றாக்கி, ஆள் மேல் புள்ளி விழுந்த மாதிரிக் காட்டுவது மூளை. ஒரு கண்ணை மூடிக் குறிபார்க்கப் பழகினவனுக்கு இது ஏதோ மந்திரம் மாதிரி இருந்திருக்கும்.

வாசித்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடையில் கண் பரிசோதிக்க வைத்திருக்கிற லென்ஸ் பெட்டியான ட்ரயல் செட்டில் இருந்து ஒரு ப்ளஸ் 10 லென்ஸை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ப்ளஸ் 10 என்றால் குவியத்தூரம் 10 சென்டிமீட்டர், ஆகவே பி.வி.சி. பைப்பில் அந்த நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையில் லென்ஸையும் மறுமுனையில் கறுப்புத் தாளையும் ஒட்டி, தாளில் ஊசியால் ஒரு துளை போட்டு, துளைக்குப் பின்னால் சாவிக்கொத்து டோர்ச்சில் இருந்து கழற்றின சிவப்பு பல்ப் வைத்தேன். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் புள்ளி மங்கிப் பரந்து தெரியும், கண் கிட்டத்தில் பார்க்கப்போய் உள்ளே திரும்பிவிடும். லென்ஸ் போட்டதும் புள்ளி எங்கேயோ தொலைவில் இருக்கிற மாதிரித் தெளிவாக வந்து நின்றது.

பொழுதுபட்டதும் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். இரண்டு கண்ணும் திறந்தபடி பார்க்க, கடலில் நின்ற மீன்பிடிப் படகொன்றின் விளக்குக்குப் பக்கத்தில் என் சிவப்புப் புள்ளியும் மிதந்தது. அம்மா கூடவே வந்திருந்தா. "எடு தம்பி அதை, குழலொண்டைக் கண்ணில வைச்சுக்கொண்டு கடற்கரையில நிக்காதே" என்று என் கையைப் பிடித்து இறக்கினா. சண்டைக் காலத்தில் இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. பேசாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மிச்சத்தைக் கடை பூட்டின பிறகு செய்து பார்த்தேன், அப்போதுதான் எதிர்பார்த்த பிரச்சினை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு கண்ணை மறைத்தால், மறைத்த கண் சிலருக்கு நேராக நிற்காது, கொஞ்சம் ஒதுங்கிப் போகும். இரண்டு கண்ணும் ஒரே காட்சியைப் பார்க்கும்போது மூளை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது, மறைத்ததும் பிடி தளர்கிறது. அடைத்த குழாய் செய்வதும் அதுதானே?

ஆறு மீட்டரில் இருக்கிற எழுத்துச் சார்ட்டை நோக்கிக் குழாயைப் புத்தக அடுக்கில் அசையாமல் வைத்தேன். முதலில் வலக்கண்ணைச் சற்று உயர்த்தி, பாதி குழாய்க்குள்ளும் பாதி அதன் விளிம்புக்கு மேலாலும் பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்தால் புள்ளியையும் சார்ட்டையும் அதே கண் பார்க்கிறது, ஆகவே குழாய் உண்மையில் எங்கே நோக்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு கண்ணைப் பழையபடி குழாய்க்கு நேரே இறக்கி, சார்ட்டை இடக்கண்ணிடம் விட வேண்டும். எனக்குப் புள்ளி 6 சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்தது. என் மச்சானை இருத்திப் பார்த்தால் அவனுக்கு 18. குழாயை இடக்கண்ணுக்கு மாற்றினால் வலப்பக்கம் போனது, கண் வெளிப்பக்கம் ஒதுங்குகிறவர்களுக்கு அப்படித்தான் போகும்.

ஆறு மீட்டரில் 6 சென்டிமீட்டர் என்பது எங்கள் கணக்கில் ஒரு ப்ரிஸம், அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் விலகல். நூறு மீட்டரில் அதுவே ஒரு மீட்டர் பிழை, மச்சானுக்கு மூன்று மீட்டர். ஆனால் முகாம் மதிலுக்குள் இருபது மீட்டரில் என்றால் எனக்கு ஒரு சாண் பிழைதான் வரும். இருட்டில் ஒன்றுமே தெரியாமல் சுடுவதோடு பார்த்தால் அந்தச் சாண் பெரிய விஷயமில்லை. கிட்டத்துச் சண்டைக்கு அதை எடுத்தவர்கள் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள், தூரத்துக்கு இது சரிவராது.

அப்புறம் 1975இல் சுவீடனில் எய்ம்பாயின்ட் என்ற குறிகாட்டி வந்தது. அதன் கண்ணாடிக்குள்ளால் இலக்கும் தெரியும், அதே கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிற சிவப்புப் புள்ளியும் தெரியும், எல்லாம் ஒரே கண்ணுக்கு, ஒதுங்குகிற கண்ணைப் பற்றிய கவலையே இல்லை. கண்ணாடியில் புள்ளியைத் தெறிக்க வைக்கிற அந்த யோசனையும் புதிதில்லை, டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் க்ரப் 1900இலேயே சொன்னது.

மச்சான் பின்னேரங்களில் தலையிடி என்று அடிக்கடி முனகுகிறவன், இந்த 18 சென்டிமீட்டர் அதற்கும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறேன். "அப்ப நான் அந்த ரெய்டுக்குச் சரிவர மாட்டனோ?" என்று கேட்டான். ஏணி பிடிக்கலாம் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் ஒரு வயதான அம்மா வந்தா. எப்பவோ ஒரு காலத்தில் கட்டராக்ட் எடுத்து, உள்ளே லென்ஸ் வைக்காமல் விட்ட கண். அப்படிப்பட்ட கண்ணுக்கு ஏறத்தாழ ப்ளஸ் 10தான் வேண்டும். ட்ரயல் செட்டைத் திறந்தால் அந்த இடம் மட்டும் வெறுமை. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அந்த அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன், பைப்பை உடைத்து லென்ஸைக் கழற்ற.