விவாதத்துக்கு முன்னும் பின்னும்

கொழும்பில் தமிழ்மொழி மூல மாணவர்களின் விவாதப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்லும்போதெல்லாம் ஒரு குறை என்னை உறுத்துகிறது. சொல்வளமும் மறுத்துரைக்கும் வேகமும் அவர்களிடம் நிறையவே உள்ளன. ஆயினும், டெங்குப் பரவலுக்குப் பொறுப்பு மக்களா, நிர்வாகமா என்று வாதிடும் இரு அணியினருமே, தாம் வாழும் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ நீர் எங்கே தேங்குகிறது என்பதைச் சென்று பாராமலே மேடையேறிவிடுகின்றனர்.

2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்துள்ள மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மேட்டை அகற்றுமாறு அயலவர்கள் அதற்கு முன்னரே நெடுங்காலம் போராடியிருந்தனர். இத்தகைய தலைப்புகளில் வெறும் நாவன்மையை மட்டும் காட்டுவது, பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது என்றே கருதுகிறேன்.

தேடுவதற்கு வழியும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கோரும் பிரசை அதற்கான காரணத்தைக் கூற வேண்டியதில்லை. தகவலை வழங்குவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மாநகர சபை ஒரு வட்டாரத்தில் வடிகான்களை எப்போது துப்புரவு செய்தது, அதற்கு எவ்வளவு செலவிட்டது என்று ஆசிரியரோ பெற்றோரோ தமிழிலேயே விண்ணப்பித்துக் கேட்கலாம். அந்தப் பதிலையும், மாணவர்கள் வீடுவீடாகச் சென்று கேட்டறிந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எவர் கூற்று எங்கே பொருந்தவில்லை என்பது புலப்படும். உண்மையான விவாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெற்றி தோல்வி அறிவிக்கப்பட்டதும் எல்லாம் முடிந்துவிடுவதும் எனக்கு ஏற்புடையதன்று. இரு அணியினரும் ஒன்றாக அமர்ந்து, தாம் இணங்கும் தரவுகளையும், இணங்க முடியாத இடங்களையும், இன்னும் பதில் கிடைக்காத கேள்விகளையும் ஒரே பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தாம் விசாரித்த வீடுகளுக்கே கொண்டுசென்று கொடுக்க வேண்டும். தொடர்மாடிகளிலும், தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் இரு மொழியினரும் அடுத்தடுத்து வாழும் இந்நகரில், ஒரு மொழியில் மட்டும் சொல்வது பாதிப் பேரை விட்டுவிடுவதாகும். அடுத்த தவணையில் என் அயலிலுள்ள உயர்தர மாணவர்களுடன் இம்முயற்சியைத் தொடங்குகிறேன். கழிவகற்றலை முதல் தலைப்பாகத் தெரிவுசெய்துள்ளோம்.