போனவர் பேரில் நிற்கும் பற்று

23 பிப்ரவரி 2024, மினியாபொலிஸ்

மாதக் கணக்கை முடிப்பதற்காக அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் எதிர்பார்த்திருந்த செய்தி வந்தது. அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அமைப்பு, இவ்வாண்டுக்கான சம்பள வரம்பு அணி ஒன்றுக்கு 25 கோடியே 54 லட்சம் டாலர் என்று அறிவித்துவிட்டது. சென்ற ஆண்டு அது 22 கோடியே 48 லட்சம். ஒரே ஆண்டில் மூன்று கோடிக்கு மேல் ஏறியிருக்கிறது. 1994-இல் இந்த முறை தொடங்கியபோது வரம்பு 3 கோடியே 46 லட்சம்தான்.

இந்த வரம்பை அபராதம் கட்டிவிட்டுத் தாண்ட முடியாது. உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் 32 அணிகளுக்கும் ஒரே அளவுகோல்தான். சென்ற ஆண்டு செலவழிக்காமல் மிச்சம் பிடித்ததை மட்டும் இவ்வாண்டுக்குக் கொண்டுவரலாம். அப்படியிருந்தும் மார்ச் மாதம் பிறந்தால், வரம்பைப் பல கோடி தாண்டி நிற்கும் அணிகள்கூடப் புதிய வீரர்களைக் கூசாமல் வாங்குகின்றன. கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும் எனக்கு அது எப்படி முடிகிறது என்பதில்தான் ருசி. இந்த வசந்தத்தில் எங்கள் ஊர் வைக்கிங்ஸ் அணியின் பேரேட்டைத் தொடர்ந்து கவனித்து எழுதுவதாக இருக்கிறேன்.

4 மார்ச்

டென்வர் பிராங்கோஸ் அணி, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை விடுவிக்கப்போவதாக இன்று அறிவித்தது. 2022-இல் ஐந்து ஆண்டுக்கு 24 கோடியே 50 லட்சம் டாலர் என்று அவருக்கு ஒப்பந்த நீட்டிப்புக் கொடுத்தார்கள். அந்த நீட்டிப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஆளை அனுப்புகிறார்கள். அனுப்புவதற்கான விலை, வரம்புக் கணக்கில் 8 கோடியே 50 லட்சம்.

இதைப் புரிந்துகொள்ள ஏலச்சீட்டை நினைத்துக்கொண்டால் போதும். வீரர் கையெழுத்திடும்போது பெறும் போனஸ், சீட்டை முதல் மாதமே எடுப்பதைப் போன்றது; பணம் உடனே அவர் கைக்குப் போய்விடும், ஆனால் அணியின் வரம்புக் கணக்கில் அது ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிக்கப்பட்டு, அதிகபட்சம் ஐந்து தவணைகளாக ஏறும். நடுவில் ஆளை விடுவித்தால் மிச்சத் தவணைகள் எல்லாம் ஒரேயடியாக வந்து விழும். அப்படி விழுவதை இங்கே 'டெட் மணி' என்கிறார்கள். செத்த பணம் என்று சொன்னாலும் அது செத்துப் போவதில்லை. களத்தில் இல்லாத ஒருவருக்காக இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஜூன் 1 என்ற தேதி இதில் ஒரு வாசல். அந்தத் தேதிக்குப் பிறகு விடுவித்ததாகக் கணக்கு வைத்தால், சுமையை இரண்டு ஆண்டுகளில் பிரித்துக்கொள்ளலாம். அணி ஒன்றுக்கு இரண்டு பேருக்கு மட்டும் இந்தச் சலுகையை முன்கூட்டியே பயன்படுத்த அனுமதி உண்டு. அந்த வழியில் வில்சனின் பற்று இவ்வாண்டு 5 கோடியே 30 லட்சமாகவும் அடுத்த ஆண்டு 3 கோடியே 20 லட்சமாகவும் பிரிகிறது. இவ்வாண்டு வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு, டென்வருக்காக ஒரு பந்தைக்கூட எறியப்போகாத ஒருவருக்கு.

11 மார்ச்

எங்கள் நேரப்படி காலை பதினோரு மணிக்குப் பேச்சுவார்த்தை திறந்தது. புதன்கிழமை வரையிலான இந்த ஐம்பத்திரண்டு மணி நேரத்தில், ஒப்பந்தம் முடியவிருக்கும் வீரர்களின் முகவர்களோடு பிற அணிகள் பேசலாம். வீரரோடு நேரடியாகப் பேசக் கூடாது. மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கதை முடிந்துவிட்டது. எங்கள் குவாட்டர்பேக் கர்க் கசின்ஸ் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போகிறார். நான்கு ஆண்டு, 18 கோடி டாலர்.

பேரம் பேசுவதில் அவர் கைதேர்ந்தவர். வாஷிங்டனில் 2016, 2017 இரண்டு ஆண்டும் வீரரை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கும் 'ஃபிரான்சைஸ் டேக்' என்ற ஓராண்டுக் கட்டுப்பாட்டின் கீழ் பெரிய சம்பளம் வாங்கினார். பின்பு 2018-இல் மூன்று ஆண்டுக்கு 8 கோடியே 40 லட்சம், அதுவும் முழுத் தொகைக்கும் உத்தரவாதத்தோடு, இங்கே வந்து சேர்ந்தார். சென்ற அக்டோபரில் குதிகால் நாண் அறுந்து, வயதும் முப்பத்தைந்தான ஒருவருக்கு இந்தத் தொகை கிடைத்திருக்கிறது என்றால், நல்ல குவாட்டர்பேக்குக்கு இருக்கும் பஞ்சம்தான் காரணம்.

13 மார்ச்

பிற்பகல் மூன்று மணிக்கு என்எஃப்எல்லின் புதிய ஆண்டு பிறந்தது. அந்த நிமிடத்தில் எல்லா அணிகளும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும்.

அதே நேரத்தில் வைக்கிங்ஸ் பேரேட்டில், கசின்ஸ் பேரில் 2 கோடியே 85 லட்சம் டாலர் பற்று விழுந்தது. மாலையில் அதைப் பார்த்த என் மகன், "அவர்தான் அட்லாண்டாவுக்குப் போயிட்டாரே அப்பா, அப்புறம் ஏன் நம்ம டீம் கணக்குல இருக்கு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சென்ற மார்ச்சில் அவருடைய சம்பளத்தை மாற்றியமைத்து அவ்வாண்டு வரம்பில் 1 கோடியே 60 லட்சத்தை மிச்சப்படுத்தினார்கள். அதற்காக ஒப்பந்தத்தின் வாலில் சில ஆண்டுகளை ஒட்டினார்கள். அந்த ஆண்டுகளில் அவர் ஆடப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரியும். தவணையைத் தாங்குவதற்காக மட்டுமே தாளில் இருக்கும் அவற்றை நான் வெற்று ஆண்டுகள் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஒப்பந்தம் இன்று காலாவதியானதும் அந்த வெற்று ஆண்டுகளின் தவணைகள் ஒன்றாகத் திரண்டு வந்துவிட்டன. "போன வருஷம் வாங்கின கடன் தம்பி" என்றேன். அவனுக்கு அது போதவில்லை. எனக்கும் ஓரளவுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி இந்த வித்தையை ஆண்டுதோறும் செய்கிறது. எடுத்துக்காட்டாக, 3 கோடி டாலர் சம்பளமுள்ள அனுபவசாலி ஒருவருக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 12 லட்சத்துப் பத்தாயிரத்தை மட்டும் விட்டுவிட்டு, மீதி 2 கோடியே 87 லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைப் போனஸ் என்று பெயர் மாற்றி ஐந்தாகப் பிரித்தால், இவ்வாண்டு ஏறுவது அதில் ஏறக்குறைய 57 லட்சத்து 60 ஆயிரம்தான். ஒரே கையெழுத்தில் 2 கோடியே 30 லட்சத்துக்கு இடம் பிறக்கிறது. வீரருக்கு ஒரு காசும் குறைவதில்லை, பணமும் முன்னதாகவே வந்துவிடுகிறது. வரம்பு ஆண்டுதோறும் ஏறும்வரை இந்த வண்டி ஓடும். 2021-இல் பெருந்தொற்றால் வரம்பு 19 கோடியே 82 லட்சத்திலிருந்து 18 கோடியே 25 லட்சமாக இறங்கியபோது, முந்தைய தவணைகளைச் சுமந்த அணிகள் திண்டாடின.

15 மார்ச்

கசின்ஸ் ஒப்பந்தத்தின் விவரங்கள் வெளியாகிவிட்டன. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். கையெழுத்துப் போனஸ் 5 கோடி. நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம். இவ்வாண்டுச் சம்பளமும் 1 கோடியே 25 லட்சம். ஆக, 6 கோடியே 25 லட்சம் டாலர் வாங்கப்போகும் மனிதர், அட்லாண்டாவின் வரம்பில் இவ்வாண்டு வெறும் 2 கோடியே 50 லட்சம்தான். அடுத்த ஆண்டு 4 கோடி, அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 5 கோடியே 75 லட்சம். தாளின் நடுவில் ஒரு கோடு இழுத்தேன். முதல் இரண்டு ஆண்டுப் பணத்துக்கு முழு உத்தரவாதம் உண்டு. அதனால் அடுத்த மார்ச்சில் விடுவித்தால் மிச்சத் தவணை 3 கோடியே 75 லட்சமும் சம்பளம் 2 கோடியே 75 லட்சமும் சேர்ந்து 6 கோடியே 50 லட்சம் தலையில் விழும். ஆகவே நாளிதழ்கள் நான்கு ஆண்டு என்று எழுதினாலும், என் தாள் சொல்வது இரண்டு ஆண்டுதான்.

ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் இதைவிடக் கெட்டி. சேக்வான் பார்க்லியை மூன்று ஆண்டுக்கு 3 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்துவிட்டு, இவ்வாண்டு வரம்பில் ஏறக்குறைய 38 லட்சம் மட்டுமே காட்டுகிறார்கள்.

வில்சன் இன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் கையெழுத்திட்டார், குறைந்தபட்சச் சம்பளமான 12 லட்சத்துப் பத்தாயிரத்துக்கு. டென்வர் அவருக்கு இவ்வாண்டு 3 கோடியே 90 லட்சத்துக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது; பிட்ஸ்பர்க் கொடுப்பது போக மிச்சத்தை டென்வரே கொடுத்தாக வேண்டும். எங்கே ஆடினாலும் கிடைக்கும் மொத்தம் ஒன்றுதான் என்பதால், புதிய அணியிடம் கூடுதலாகக் கேட்பதில் அவருக்கு லாபமில்லை. டென்வரின் பணத்தில் பிட்ஸ்பர்க் ஆடுகிறது என்று சொன்னால் தப்பில்லை.

21 மார்ச்

ஒரு சிறு குறிப்பு. எங்கள் பழைய போட்டி அணியான க்ரீன் பே விடுவித்த ஆரன் ஜோன்ஸை ஓராண்டுக்கு 70 லட்சத்துக்கு வைக்கிங்ஸ் எடுத்தது பலருக்கும் உணர்ச்சிகரமான செய்தி. எனக்கு அதில் கணக்கும் தெரிந்தது. ஒப்பந்தம் தானாக முடிந்து போகும் வீரர்களை இழக்கும் அணிக்கு, அடுத்த ஆண்டு இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும்போது, ஈடாகக் கூடுதல் தேர்வு வாய்ப்புகள் கிடைக்கலாம். ஆனால் அதேபோன்ற வீரர்களை வெளியிலிருந்து வாங்கினால் அவை கழிந்துவிடும். பழைய அணி விடுவித்துவிட்ட ஜோன்ஸைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. மற்றொன்றும் உண்டு: ஆட்டப் பருவம் தொடங்கும்வரை உச்சத்திலுள்ள 51 பேரின் தொகைதான், டெட் மணியோடு சேர்த்து, வரம்பில் எண்ணப்படும். எடுத்துக்காட்டாக, 60 லட்சத்துக்கு ஒருவர் உள்ளே வந்தால் 51-ஆவது ஆள் கீழே தள்ளப்படுவார். அவருடைய ஒன்பது லட்சம் போக, உண்மையில் கூடுவது 51 லட்சம்.

26 ஏப்ரல்

நேற்றிரவு இளம் வீரர் தேர்வில், கசின்ஸுக்கு அவ்வளவு பணம் கொடுத்த அட்லாண்டா, எட்டாவது தேர்வாக மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்தது. தொலைக்காட்சியில் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். என் தாளின் நடுக்கோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோட்டை அவர்களும் இழுத்திருக்க வேண்டும்.

வைக்கிங்ஸ் பத்தாவதாக ஜே.ஜே. மெக்கார்த்தியை எடுத்தது. இளம் வீரர்களின் சம்பளம் தேர்வு வரிசைப்படி ஏறக்குறைய முன்பே நிர்ணயிக்கப்பட்டது. அவருக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே 2 கோடியே 18 லட்சத்துக்குச் சற்று அதிகம், முதல் ஆண்டு வரம்பில் ஏறக்குறைய 40 லட்சம். மகனைக் கூப்பிட்டு இரண்டு வரிகளையும் காட்டினேன்: போன கசின்ஸ் 2 கோடியே 85 லட்சம், வந்த மெக்கார்த்தி 40 லட்சம். அவன் சற்று யோசித்துவிட்டு, "அடுத்த வருஷம் முதல் வரி இருக்காதா?" என்று கேட்டான். இருக்காது என்றேன். அப்படியானால் அந்த இடத்தில் யாரை வாங்கலாம் என்று, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பெயர்களை எழுத ஆரம்பித்துவிட்டான்.